கோபுர இலக்கம் எழுதிய சிலேற்று

போன கிழமை வவுனியாக் கடைத்தெருவில் கொப்பி, பேனா விற்கும் கடையொன்றில் ஒரு சிலேற்றைக் கண்டேன். மரச்சட்டம் போட்ட அசல் கற்சிலேற்று. பிளாஸ்டிக் பெட்டிகளுக்குப் பின்னால் தூசி படிந்து தனியாகச் சாய்ந்திருந்தது. சும்மா பார்த்துவிட்டு வைத்திருக்கலாம். நான் விரலில் எச்சில் தொட்டு அதன் மூலையில் தேய்த்து மணந்து பார்த்தேன். ஐம்பது தாண்டிய மனிதன் கடைக்குள் நின்று சிலேற்றை மணப்பதைக் கண்ட கடைக்கார முஸ்லிம் நானா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“பேரப்புள்ளைக்கா?” என்று கேட்டார்.

“இல்லை நானா, எனக்குத்தான்.”

“முல்லைத்தீவுல எங்கட கடை இருந்த காலத்துல இது அடுக்கடுக்கா வந்து போகும். இப்ப இந்த ஒண்டுதான் கிடக்கு. கொண்டு போங்க” என்று பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார்.

வீட்டில் மனைவி தாளைப் பிரித்துப் பார்த்தாள். “இனித்தான் அ, ஆ எழுதப் பழகப் போறியளோ?” என்று கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தவள், தேநீர் போடக் குசினிக்குள் போய்விட்டாள்.

ஈரம் பட்ட சிலேற்றின் மணம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தை நினைவூட்டும். எனக்கு அந்த மணத்தோடு துருப்பிடித்த இரும்பின் மணமும் சேர்ந்து வரும். மழை விட்ட காலை நேரத்தில் காட்டுக்குள் நிற்கும் பழைய மின்கோபுரத்தைத் தொட்டுவிட்டுக் கையை முகர்ந்தால் வரும் மணம். அதைக் கோபுரம் என்று சொன்னால் எங்கள் சனம் கோயிலைத்தான் தேடும். எங்களுக்கு அது ரவர். ஒரு காலத்தில் நான் ரவர்களைப் படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருந்தேன் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். நண்பரே, நீங்களாவது நம்புங்கள்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். எனக்குக் கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் ஒரு சின்ன ஸ்ரூடியோ இருந்தது. தகரக்கூரை, நீலத்திரை, ஒரு முக்காலி, ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா. பாதை திறந்ததும் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கச் சனம் வரிசை கட்டி நின்றது. பத்துப் பன்னிரண்டு வருடமாக அட்டை இல்லாமலே வாழ்ந்தவர்கள். “நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ, ரெண்டு காதும் தெரிய வேணும்” என்று நாள் முழுவதும் சொல்லிச் சொல்லி, வீட்டில் சோறு போட்டுத் தந்தவளிடமும் ஒருநாள் அதையே சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த ஒரு பொறியியலாளர், தமிழர்தான், கமராவுக்குப் பற்றறி வாங்க என் ஸ்ரூடியோவுக்குள் வந்தார். சுவரில் மாட்டியிருந்த கலியாணப் படங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இரும்பையும் இப்பிடி எடுப்பீரோ?”

“ஆடாமல் நிண்டால் எதையும் எடுப்பன் சேர்” என்றேன்.

அவர் சொன்ன இரும்பு, வவுனியாப் பக்கமிருந்து கிளிநொச்சி ஊடாகக் குடாநாட்டுக்கு மின்சாரம் கொண்டுபோன பழைய பாதையின் ரவர்கள். கம்பிகள் போய் எத்தனையோ வருடம். மறுபடி கரண்ட் கொடுக்க வேண்டுமென்றால் எந்த ரவர் நிற்கிறது, எதற்கு எத்தனை கால் மிஞ்சியிருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். ஒவ்வொன்றையும் படம் பிடிக்க வேண்டும், பக்கத்தில் சிவப்பும் வெள்ளையும் அடித்த அளவுத்தடியை ஒரு ஆள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், ரவரின் இலக்கமும் படத்தில் விழ வேண்டும். இதுதான் வேலை. இலக்கம் எழுதத்தான் அந்தச் சிலேற்று.

முதல் சுருளை நான் கலியாணப் படக்காரன் மாதிரியே எடுத்தேன். கீழே படுத்துக் கிடந்து, மேகம் பின்னால் வரக் காத்திருந்து, ரவரை மாப்பிள்ளையாக்கிவிட்டேன். பொறியியலாளர் படங்களைப் புரட்டிப் பார்த்தார். “தம்பி, இது அல்பத்துக்கு இல்லை. எனக்குத் தலை வேண்டாம், காலைக் காட்டும்” என்றார். தலையையே எடுத்துப் பழகிய எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல், அவருடைய வரைபடத்தில் புள்ளி இருந்த இடத்தில் நிலத்தில் ரவர் இல்லை. காடு மூடிக் கிடந்தது. எது எங்கே நின்றது என்று கேட்டுத் திரிந்து கனகராயன்குளத்துத் தேநீர்க் கடையொன்றில் விசாரித்தேன். கடைசியில் ஒருவர் தேநீரை ஆற்றியபடி, “சின்னராசாவைக் கேளுங்கோ. அவன்தானே எல்லாத்தையும்...” என்று தொடங்கி, பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

சின்னராசா அண்ணைக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். மெலிந்த, நெடுத்த ஆள், இடுப்பில் எப்போதும் ஒரு சாரம். இடது கைப் பெருவிரல் நகம் நடுவில் பிளந்து, இரண்டு நகமாக வளர்ந்திருக்கும். நான் விஷயத்தைச் சொன்னதும், “ரவரோ? எனக்கு ஒரு ரவரும் தெரியாது தம்பி” என்றார் உடனே.

அவருடைய மனைவி பரமேஸ் அக்கா தேநீரோடு வந்தார். “தெரியாதெண்டால் இந்தக் குசினி என்ன வானத்திலையிருந்தோ விழுந்தது?” என்றார்.

அண்ணாந்து பார்த்தேன். குசினியின் முகட்டுவளை, தூண், கைமரம் எல்லாம் ரவர் இரும்பு. ஆணி போட்ட துளைகள்கூட அப்படியே இருந்தன. கிணற்றுக் கப்பி தொங்கியதும் ரவர் இரும்பில். மாட்டுக் கொட்டிலும் ரவர்தான். கரண்ட் வருவதாக இருந்தால் முதலில் அந்த வீட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அது சிரிக்கிற கதை இல்லை. தொண்ணூறுகளில் வன்னியில் ஒவ்வொரு வீட்டுக்கும் பதுங்குகுழி வேண்டியிருந்தது. தென்னங்குற்றி ஷெல்லுக்குத் தாங்காது. காட்டு மரம் இரண்டு மாரியில் உக்கிவிடும். ரவர் இரும்பை மேலே அடுக்கி மண்மூட்டை போட்டால்தான் தாங்கும். சின்னராசா அண்ணை ஒரு இரும்பு அறுக்கும் வாளோடு காட்டுக்குள் போவார். ஊரில் கைக்குழந்தை உள்ள வீடு எது என்று பார்த்து முதல் துண்டை அங்கே கொடுப்பார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த இரும்புக்குக் கீழே உயிர் தப்பிய பிள்ளைகள் இன்றைக்கு எங்கெங்கோ இருக்கிறார்கள், அது எந்த இரும்பு என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆனபடியால் ரவர்கள் நின்ற இடம் அவருக்குத்தான் தெரியும். இலக்கத்தால் இல்லை, அறுத்த விதத்தால். இது காய்ச்சலோடு அறுத்தது, இது வாளின் அலகு முறிந்தது, இதிலேதான் நகம் போனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தார். பரமேஸ் அக்கா நச்சரித்துத்தான் கடைசியில் சம்மதித்தார். அதுவும் ஒரு நிபந்தனையோடு.

“தடி பிடிப்பன். சிலேற்றும் பிடிப்பன். ஆனால் என்ரை முகம் படத்திலை விழக்கூடாது.”

“ஏன் அண்ணை?”

“நாளைக்குக் கரண்ட் குடுக்க வாறவன், இதை அறுத்தது ஆரெண்டு கேட்பான். அறுத்த காலுக்குப் பக்கத்திலை நிக்கிறவன்தானே கள்ளன். இவங்களுக்கும் சொல்லேலாது, அவங்களுக்கும் சொல்லேலாது. ஆருக்குப் பயப்பிடிறதெண்டே தெரியாமல் இருக்கேக்கை எல்லாருக்கும் பயந்து இருக்கிறதுதான் நல்லது.”

பொறியியலாளர் தந்த படிவத்தில் சேதத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. நான் எல்லாவற்றுக்கும் யுத்தம் என்றே எழுதினேன். அது பொய்யும் இல்லை. ஆனால் எழுத்து அவருடைய பயத்தைப் போக்கவில்லை. வலது கையில் தடியைப் பிடித்து, இடது கையால் சிலேற்றை முகத்துக்கு நேரே உயர்த்திவிடுவார். அதற்குப் பிறகுதான் “ம், எடுங்கோ” என்று கல்லுக்குப் பின்னாலிருந்து சத்தம் வரும். பொறியியலாளர் காலை மட்டும் பார்க்கிற மனிதர், அவர் அதைக் கவனித்ததே இல்லை.

சில ரவர்களைச் சுற்றி மிதிவெடி இருந்தது. யார் புதைத்தது என்று கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை சில இடங்களில் இருக்கும், பல இடங்களில் இருக்காது. அண்ணை தான் அறுக்கப் போய்வந்த பழைய தடத்திலே நடப்பார். “என்ரை கால் வைச்ச இடத்திலை கால் வையுங்கோ. வேறை எங்கையும் பாக்காதையுங்கோ” என்பார். நான் கமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவருடைய குதிக்காலைப் பார்த்தபடியே நடப்பேன். இரண்டு குதிக்காலிலும் வெடிப்புகள், வலது காலில் ஒரு பழைய தழும்பு. இன்றைக்கும் அவர் முகத்தை நினைக்க முயன்றால் முதலில் வருவது அந்தக் குதிக்கால்தான். முகம் எடுத்துப் பிழைத்தவனுக்கு இது நல்ல தண்டனை.

பரந்தனில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. அந்தப் பக்கம் அண்ணையின் தடம் இல்லை. அங்கே வயலுக்கு அப்பால் இரண்டு கால் மிஞ்சிய ரவர் ஒன்று நின்றது. “நான் போகாத இடம், கிட்டப் போகேலாது” என்று சொல்லிவிட்டார். வரம்பில் நின்றபடியே எடுத்தோம். அப்போது வரம்போரம் மாடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் எங்களையும் தடியையும் சிலேற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “என்ன, கணக்கெடுக்கிறியளோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். அவ்வளவுதான் கதைத்தது.

அரசாங்கம் கணக்கெடுத்துவிட்டால் பிறகு தொட முடியாது என்று நினைத்திருக்கிறார் அந்த மனிதர். அடுத்த நாள் காலையிலேயே வாளோடு மிஞ்சிய காலுக்குப் போயிருக்கிறார். நாங்கள் சந்தியில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெடிச்சத்தம் கேட்டது. சமாதான காலத்தில் ஒரே ஒரு சத்தம் கேட்டால் சனம் எழும்பாது, ஆளையாள் பார்க்கும். உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரி வாசல்வரை கூட உயிர் இருக்கவில்லை.

சின்னராசா அண்ணை கை கழுவாமலே எழும்பி வெளியே போனார். வீதியோரம் குந்தியிருந்தார். “நாங்கள் படம் எடுக்காட்டில் அவன் போயிருக்க மாட்டான் தம்பி” என்றார். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, அவருக்கும் கேட்டிருக்காது. அன்றைக்குப் பிறகு சிலேற்றை இன்னும் இறுக்கமாக, மூக்கோடு முட்டப் பிடிக்கத் தொடங்கினார்.

கனகராயன்குளத்துக்குக் கிட்ட ஒரு ரவர் முழுசாக நின்றது. நாலு காலும், தலையும், கைகளும், ஒரு கையில் இரண்டு முழக் கம்பித் துண்டும் குலையாமல் இருந்தன. உச்சியில் பருந்துக் கூடு. வீட்டுக்கு இவ்வளவு கிட்ட நின்றதை ஏன் அறுக்கவில்லை என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். “அதைக் கடைசியா எடுப்பம்” என்று தள்ளிக்கொண்டே வந்தார். மற்ற வேலை எல்லாம் முடிந்து ஒரு காலை அங்கே போனோம். முதல் நாள் மழை பெய்து இரும்பு நனைந்திருந்தது. இலக்கம் நூற்று அறுபத்தொன்பது. வெண்கட்டியால் எழுதிக் கொடுத்தேன்.

தடியை ஊன்றினார். சிலேற்றை உயர்த்தவில்லை. அது இடுப்போடு நின்றுவிட்டது. அண்ணாந்து ரவரின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாடி தானாக உயர்ந்திருந்தது, இரண்டு காதும் தெரிந்தன, முகத்தில் காலை வெயில் நேராக விழுந்தது. ஆயிரம் முகங்களுக்குச் சொல்லிச் சொல்லியும் வராத ஒன்று தானாக வந்து நின்றது. என் விரல் என்னைக் கேட்கவில்லை. அழுத்திவிட்டேன்.

அவர் அதைக் கவனிக்கவே இல்லை. “கலியாணத்துக்கு முந்தி இதுக்கு வர்ணம் பூசுற வேலைக்கு வந்தனான் தம்பி” என்றார் மேலே பார்த்தபடியே. “அந்தா, அந்த மேல் கையிலை நிண்டு பூசேக்கை, கீழை, அந்தப் புளியமரத்தடியிலை ஒருத்தி நெல்லுக் காயப்போட்டுக்கொண்டு நிண்டாள். மேலை நிமிர்ந்தும் பாக்கேல்லை. நான் மூண்டு நாள் ஒரே இடத்துக்கே வர்ணம் பூசினனான்.”

“பரமேஸ் அக்காவோ?”

“பின்னை?”

“அவாவுக்குத் தெரியுமோ?”

“சொல்லேல்லை. சொன்னால் என்ரை தலையிலை ஏறி இருப்பாள்” என்று சிரித்தார். பிறகுதான் சிலேற்று ஞாபகம் வந்து, அவசரமாக முகத்துக்கு உயர்த்தினார். “ம், எடுங்கோ.”

நான் இன்னுமொரு தரம் அழுத்துவது போலப் பாவனை செய்தேன். சுருளில் முந்தி எடுத்ததுதான் கடைசிப் படம்.

கலர்ச் சுருளைக் கழுவக் கிளிநொச்சியில் வசதி இல்லை. பஸ்ஸில் வவுனியாவுக்கு அனுப்பினால் நாலைந்து நாளில் படமாக வரும். வந்ததும் அந்தப் படத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கனகராயன்குளத்துக்கு ஓடினேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல படம் அதுதான் என்று அன்றைக்கே தெரியும். சட்டம் போட்டு அக்காவுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு கனவு. கொட்டிலுக்குப் பின்னால் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவரிடம் நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். வாளியை வைத்துவிட்டு நிலத்தில் குந்திவிட்டார்.

“இதை எரிச்சுப் போடுங்கோ.”

“அண்ணை, எவ்வளவு நல்லா வந்திருக்கு...”

“நான் உங்களிட்டை ஒண்டே ஒண்டுதான் கேட்டனான். முழுசா மிஞ்சி நிக்கிற ஒரே ரவருக்குக் கீழை, முகத்தைக் காட்டிக்கொண்டு நிக்கிறன். பரந்தனிலை போனவனை மறந்திட்டியளோ? படம் எடுத்தால் ஆரோ ஒருத்தன் போவான். கமரா வைச்சிருக்கிற உங்களுக்கு அது விளங்காது.”

கோபத்தில் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் வெட்கமாக இருந்தது. கத்தரிக்கோலால் நெகற்றிவிலிருந்து அந்த ஒரு கட்டத்தை வெட்டி, படத்தோடு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கொட்டிலுக்குப் பின்னால் நெருப்புக்குச்சியைத் தட்டினார். படம் சுருண்டு கறுத்தது. நெகற்றிவ் எரிந்தபோது மூக்கைப் பொத்த வைக்கும் புகை.

“என்ன எரியிது? பிளாஸ்ரிக் மணக்குது!” என்று குசினிக்குள்ளிருந்து பரமேஸ் அக்கா கத்தினார்.

“ஒண்டுமில்லை” என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

அண்ணை சாம்பலை மண்ணால் மூடிவிட்டு என் தோளில் கை போட்டார். “குறை நினைக்காதையுங்கோ தம்பி. இண்டைக்குத்தான் நிம்மதியா நித்திரை கொள்ளுவன்” என்றார். அன்றைக்கே போய் நூற்று அறுபத்தொன்பதை மறுபடி எடுத்தோம், சிலேற்றோடு. நான் செய்தது சரி என்று அன்றைக்கு முழுமனதாக நம்பினேன்.

படங்கள் எல்லாம் கொழும்புக்குப் போயின. தீபாவளிக்குக் கரண்ட் வரும் என்றார்கள், பிறகு தைப்பொங்கலுக்கு என்றார்கள். பரமேஸ் அக்கா பொறுக்க முடியாமல் மின்குமிழ் ஒன்றை வாங்கி, வயர் எதுவும் இல்லாமலே குசினி முகட்டு இரும்பில் கட்டித் தொங்கவிட்டார். “வந்தபிறகு கடை கடையாத் தேடிக்கொண்டு நிக்கேலாது” என்றார். மூன்று வருடம் அந்தக் குமிழ் புகை பிடித்துத் தொங்கியது. பிறகு யுத்தம் மறுபடி தொடங்கி, பாதையை மூடினார்கள். அதற்குப் பிறகு கரண்டைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

அதன் பிறகு நடந்தவற்றை நான் விரித்து எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்ட அன்று ஸ்ரூடியோவிலிருந்த நெகற்றிவ்களை எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டு முருங்கை மரத்தடியில் புதைத்தேன். ஒரு மாதத்தில் திரும்பி வருவேன் என்ற எண்ணம்.

சின்னராசா அண்ணையைக் கடைசியாகக் கண்டது மாத்தளன் கடற்கரை மணலில். பதுங்குகுழி தோண்டிக்கொண்டிருந்தார். தோண்டத் தோண்ட மணல் சரிந்தது. பரமேஸ் அக்கா தன் கூறைச்சேலையை வெட்டிப் பை தைத்து, மணல் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மேலே போட ஒன்றும் இல்லை. என்னைக் கண்டதும் அண்ணை நிமிர்ந்தார்.

“இங்கை ஒரு ரவர் கூட இல்லையே தம்பி. இருந்தால் உங்கடை வீட்டுக்கும் ஒரு துண்டு தந்திருப்பன்” என்றார். சிரிக்கவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டுச் சொன்னார். அந்த நேரத்திலும் அவருடைய முகத்தை நான் நன்றாகப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசி நாட்களில் இராணுவப் பக்கம் போக வட்டுவாகல் பாலத்தைக் கடந்த நெரிசலில் அவரைக் காணவில்லை. “பின்னாலை வாறாரெண்டு நினைச்சு நடந்தனான் தம்பி. திரும்பிப் பாக்கிறன், வேறை ஆரோ வாறாங்கள்” என்று பரமேஸ் அக்கா செட்டிகுளம் முகாமில் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, இன்றுவரை யாரும் சொல்லவும் இல்லை.

முகாமில் என்னைத் தேடிச் சனம் வந்தது. என் தறப்பாள் கூடாரத்துக்கு முன்னால் மறுபடியும் வரிசை. “தம்பி, எங்கடை கலியாணப் படத்தின்ரை நெகற்றிவ் இருக்குதோ?” “அடையாள அட்டைக்கு மகனை நீங்கள்தானே எடுத்தனீங்கள்?” காணாமல் போனவர்களைத் தேட முகம் வேண்டியிருந்தது. அந்த முகங்கள் எல்லாம் என்னிடம் இருந்திருக்க வேண்டும். அடுத்த வருடம் கிளிநொச்சிக்குப் போய் அந்த இடத்தைத் தோண்டினேன். முருங்கை இல்லை. பெட்டிக்குள் தண்ணீர் போய் நெகற்றிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகக் கிடந்தன. ஒன்றை உரித்தால் மற்றதன் முகம் அதோடு கழன்று வந்தது. அப்படியே மூடிவிட்டு வந்தேன்.

பரமேஸ் அக்காவிடம் மட்டும் நம்பிக்கை இருந்தது. “நீங்கள் இவரை எத்தினை படம் எடுத்திருப்பியள்! கொழும்பிலை இருக்கும்தானே?” என்றார். பொறியியலாளருக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு மாதத்தில் தடித்த உறை ஒன்று வந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. மனிதர்களை எடுத்த படமெல்லாம் மண்ணுக்குள் அழிய, இரும்பை எடுத்த படங்கள் குளிர் அறையில் இலக்கப்படி அடுக்கிப் பத்திரமாக இருந்திருக்கின்றன.

அக்கா கதிரையில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சாரம், தடி, சிலேற்று. சாரம், தடி, சிலேற்று. கடைசிப் படம்வரை அவசரப்படாமல் பார்த்தார். பிறகு மேலே இருந்த ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“கொம்பியூற்றரிலை இந்தச் சிலேற்றை எடுக்கேலாதோ தம்பி? பின்னாலை முகம் இருக்கும்தானே.”

எடுக்க முடியாது என்று எப்படி விளங்கப்படுத்துவது? அப்போது நான் வவுனியாவில் ஒரு ஸ்ரூடியோவில் வேலை செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருத்திவைத்து, கணினியில் சிலேற்றை அழித்துக் காட்டினேன். அது இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம் வந்தது. அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தார். “வேண்டாம், வேண்டாம், அதைத் திருப்பி வையுங்கோ” என்று பதறினார். வைத்தேன். சிலேற்றின் ஓரத்தில் பெருவிரல் தெரிந்தது, பிளந்த நகத்தோடு. அதைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிக் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகும்போது வாசலில் நின்று, “ஒரு படத்திலை தன்னும் முகம் விழேல்லையோ?” என்று கேட்டார்.

“இல்லை அக்கா” என்றேன்.

விழுந்தது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது எங்கே என்று கேட்பார். நான் வெட்டிக் கொடுத்தேன், அவர் எரித்தார், நீங்கள் மணந்த புகை அதுதான் என்று சொல்ல வேண்டிவரும். எனக்கு அந்தத் துணிவு இல்லை. பயந்தவர் அண்ணை மட்டும் என்று நினைத்திருந்தேன், அது பிழை.

காணாமல் போனவர்களைப் பதிவு செய்கிற இடத்தில் அக்கா நீட்டிய சிலேற்றுப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். “முகம் தெரியிற படம் கொண்டு வாங்கோ அம்மா.” பிறகு, காணாமல் போனவர்களைக் கேட்டுத் தாய்மார் போராடிய வீதியோரக் கொட்டகையில் அக்காவும் போய் இருக்கத் தொடங்கினார். எல்லோர் மடியிலும் ஒரு முகம் இருக்கும். அக்காவின் மடியில் நூற்று அறுபத்தொன்பது என்று எழுதிய சிலேற்று இருக்கும். எத்தனையோ படத்தில் அந்த ஒன்றைத்தான் தெரிவு செய்தார். “அதிலைதான் ரவர் வடிவா இருக்கு” என்று காரணம் சொன்னார்.

இப்போது புதுக் கோபுரங்கள் வந்துவிட்டன. வவுனியாவிலிருந்து வடக்கே பஸ்ஸில் போனால் வெள்ளி நிறத்தில் வரிசையாக வரும். எல்லாவற்றிலும் கம்பி, எல்லாவற்றிலும் மஞ்சள் பலகையில் இலக்கம். பழைய இரும்பு ஒன்றும் மிஞ்சவில்லை. யுத்தம் முடிந்த கையோடு லொறிகள் வந்து குசினிகளையும் கொட்டில்களையும் கப்பிகளையும் அள்ளிக்கொண்டு போயின. நூற்று அறுபத்தொன்பதையும் ஒரே காலையில் அறுத்துச் சாய்த்தார்கள் என்று கேள்வி. அந்தப் பருந்து எங்கே போனதோ. புளியமரமும் இல்லை. வீட்டுத்திட்டத்தில் அக்காவுக்குக் கொடுத்த சின்னக் கல்வீட்டுக்குக் கரண்ட் வந்தது, குசினியில் புதுக் குமிழ் எரிந்தது.

போன மாசிப் பனியில் அவரும் போய்விட்டார். அதற்கு ஒரு மாதம் முந்தி பஸ்ஸால் இறங்கி அந்தக் கொட்டகைக்குப் போனேன். மெலிந்து, கதிரைக்குள் பாதியாக இருந்தார். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் தன் மகனின் படத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். பரமேஸ் அக்கா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் மடியைக் குனிந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அத்தனை வருடத்தில் அவர் புருசனை ஏசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“பிடிவாதம் பிடிச்ச மனிசன் தம்பி. எனக்காக ஒரு நாளெண்டாலும் இந்தச் சிலேற்றைக் கீழை இறக்கியிருக்கலாம்தானே?”

“ஓம் அக்கா” என்றேன்.